அண்ணனுக்குப் பதில் கொடுத்த ரத்தம்

சேரன்மாதேவியில் மூக்கு வீடு எது என்று கேட்டால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். அந்த வீட்டு ஆண்களுக்கு அப்படி ஒரு மூக்கு. ஆள் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறும்போதே மூக்கு பத்தமடை தாண்டியிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் அதன் அடியில் ஒதுங்கி நின்று நனையாமல் வீடு போய்ச் சேர்ந்ததாக ஊரில் பேச்சு உண்டு. நான் ஒரு குட்டி என்றுதான் கேள்விப்பட்டேன். பொய் சொல்லக்கூடாது.

ஒரு காலத்தில் அவர்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது, தோப்பு இருந்தது, வில்வண்டி இருந்தது. மூன்று தலைமுறை உட்கார்ந்தே சாப்பிட்டதில் வயல் போனது, தோப்பு போனது, மாடு போனது, கடைசியில் வண்டி நின்ற கொட்டகையும் போனது. மூக்கு மட்டும் போகவில்லை. வாங்க ஆள் வரவில்லை.

சொத்து போனதும் அந்த வீட்டில் பெருமை பேச ரத்தம்தான் மிச்சம். "ஏழு தலைமுறையா ஒரு சொட்டு மாறாம வருது எங்க ரத்தம்" என்பார்கள். என்னமோ ஒவ்வொரு தலைமுறையிலும் குப்பியில் ஊற்றி மூடி வைத்து அடுத்தவனுக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அருணாசலம். அவன் நடக்க ஆரம்பிக்கும் முன்பே பிறந்துவிட்டவன் குமரகுருபரன். இது குமரகுருபரன் கதை. அவ்வளவு நீளமான பெயரை வைத்தார்களே ஒழிய அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அவன் பிறந்ததே அண்ணனுக்குப் பதிலாள் வேலை பார்க்க.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது அருணாசலம் ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பான். "அருணாசலம்" என்று வாத்தியார் கூப்பிட்டதும் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்து "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டுப் போவான் தம்பி. வாத்தியாரும் மூக்கைப் பார்த்து டிக் போடுவார். அருணாசலத்துக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அம்மை ஊசி போட வந்த அன்று அவன் விறகுப் புரைக்குள் ஒளிந்துகொண்டான். குமரகுருபரன் தன் பேருக்கு இடது கையிலும் அண்ணன் பேருக்கு வலது கையிலும் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் இரண்டு கையும் தூக்க முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தான், யாராவது சோறு ஊட்டுவார்களா என்று. அப்பாவிடம் அண்ணனுக்கு விழவேண்டிய அடியில் முக்கால்வாசியை வாங்கியவனும் அவன்தான். கோபத்தில் இருக்கிற மனிதர் மூக்கை வைத்துத்தானே ஆளைப் பிடிப்பார்.

பெரியவர்கள் ஆன பிறகாவது விட்டதா? இல்லை. கோயில் வந்து பிடித்துக்கொண்டது.

பங்குனி உத்திரத்தன்று காலையில் சிவன் கோயிலில் மூக்கு வீட்டுக்கு முதல் பரிவட்டம். குருக்கள் குடும்பத் தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வந்து குனிகிற தலையில் சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியைக் கட்டுவார். தலைவரால் வரமுடியாவிட்டால் அதே ரத்தத்தில் இன்னொருவர் அவர் பேருக்குக் குனியலாம். வெளி ரத்தம் குனியக்கூடாது. அப்பா காலமானபின் தலைவர் அருணாசலம். தலைவருக்கோ பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காது. அதனால் பதினான்கு வருஷமாக "அருணாசலம்" என்று குருக்கள் கூப்பிட, குமரகுருபரன் போய்க் குனிந்துகொண்டிருந்தான். அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் கேட்டால் "அருணாசலம், மகம்" என்பான். பரிவட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தூங்குகிற அண்ணன் தலைமாட்டில் வைத்துவிட்டு உர டிப்போவுக்கு வேலைக்குப் போய்விடுவான்.

அவனுக்கென்று சொந்தமாக நடந்தது கல்யாணம் ஒன்றுதான். அதிலும் தாலியைக் கையில் எடுத்ததும் அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தானாம். "அவுக அண்ணன் தலையாட்டின பிறகுல்லா எனக்குக் கட்டுனாவ" என்று பொண்டாட்டி பாலம்மாள் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள். பாலம்மாள் வாய் வெந்நீர். ஊற்றினால் தோல் உரியும்.

அருணாசலம் பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே டைப்பிஸ்ட்டாக வந்தாள் சாலோமி. பாளையங்கோட்டைக்காரி, அப்பா இல்லாத பெண், நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள், வாயிலும் அதே வேகம். அருணாசலம் அவளிடம் கல்யாணம் செய்துகொள்வதாகச் சத்தியம் செய்தான். ஒரு சத்தியமா, ஒரு நாளைக்கு நாலு. நேரில் சொல்ல முடியாத நாட்களில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவான். கொண்டுபோவது யார்? குமரகுருபரன்தான். அவன் சாலோமி வீட்டு வாசலில் நின்று, "அண்ணன் குடுக்கச் சொன்னாவ" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவான்.

சாலோமி வயிற்றில் பிள்ளை ஆறு மாதமாக இருக்கும்போது அருணாசலம் தென்காசியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சாலோமியைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். பிள்ளை பிறந்தது. ரீபா என்று பேர் வைத்தாள். அழவில்லை, ஆற்றில் விழவில்லை. வேறு அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு பிள்ளையை வளர்த்தாள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஃபாரத்தில் 'தகப்பன் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. சாலோமி அந்தக் காகிதத்தோடு நேராக அருணாசலத்தின் மேசைக்கு வந்தாள்.

"ஒரு காசு வேண்டாம். ஒரு கையெழுத்துப் போடும்."

"எந்தப் பிள்ளைக்கு?" என்றான் அருணாசலம்.

"நீரு மறந்த பிள்ளைக்கு."

"எனக்கு அப்படிப் பிள்ளை ஒண்ணும் இல்லியே" என்று கோப்பைப் புரட்டினான். கோப்பு தலைகீழாக இருந்தது.

சாலோமி கோர்ட்டுக்குப் போனாள். ரீபாவுக்குத் தகப்பன் இன்னார் என்று தீர்ப்பு எழுதிக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று வழக்கு.

கூண்டில் ஏறி நின்ற அருணாசலம் தன் கட்சிக்குச் சாட்சியாக எதைக் கொண்டுவந்தான் தெரியுமா? மூக்கை. பக்கவாட்டில் திரும்பி நின்று ஜட்ஜுக்குக் காட்டினான்.

"ஐயா, எங்க வீட்டுல பொறந்த எந்தப் பிள்ளைக்கும் இது இல்லாம இருந்ததில்ல. அந்தப் பிள்ளை மூக்கப் பாருங்க. சுண்டக்கா கணக்கா இருக்கு. அது எப்படி எங்க ரத்தமாவும்?"

"அந்த மட்டுக்கும் கர்த்தர் காப்பாத்துனாரு ஐயா" என்றாள் சாலோமி.

கோர்ட்டே சிரித்தது. மேலே சுற்றிய மின்விசிறிகூட ஒரு கணம் நின்றுதான் சுற்றியது. ஜட்ஜ் மட்டும் சிரிக்காமல் எழுதினார்: தாய், பிள்ளை, எதிர்மனுதாரர் மூன்று பேர் ரத்தத்தையும் ஹைதராபாத்தில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி டி.என்.ஏ. பார்க்க வேண்டும். இது நடந்தது தொண்ணூற்றெட்டு தை மாதம்.

டி.என்.ஏ. என்றால் என்ன என்று அருணாசலத்துக்குத் தெரியாது. ஊசி என்றால் தெரியும். அன்றைக்கே பேதி கண்டுவிட்டது.

அவனுடைய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன் ஐயம்பெருமாள். சட்டத்தில் சந்து கண்டுபிடித்துச் சந்திலேயே குடியிருக்கிற ஆள். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து அவன் யோசனை சொன்னான்.

"அண்ணாச்சி, பயப்படாதிய. ஜங்ஷன்ல ஒருத்தன் இருக்கான். மூணு பரோட்டா வாங்கிக் குடுத்தா ரெண்டு கையையும் நீட்டுவான். துண்டால முகத்த மூடி, சளின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவோம். அவன் ரத்தத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. ஜோலி முடிஞ்சுது."

அருணாசலம் டீ கிளாஸை வைத்துவிட்டான். "எவனோ ஒரு பரோட்டாப் பய ரத்தம், என் பேரு எழுதுன குப்பியில, ஹைதராபாத்து வரைக்கும் போவணுமா?"

"உமக்கு வேண்டியது பொருந்தாத ரத்தம்தானவே? எவனுதா இருந்தா என்ன?"

"எங்க குடும்பத்துப் பேருக்கு வெளி ரத்தம் நின்னதில்லவே. தம்பி குடுப்பான்."

ஐயம்பெருமாள் தலையைச் சொறிந்தான். "தம்பி ரத்தம் உமக்கு நெருங்குன சொந்தம்லா?"

"என்ன பேச்சுப் பேசுதீரு. அவன் அந்தப் புள்ளயோட நிழலக்கூட மிதிச்சதில்ல. தப்பே பண்ணாதவன் ரத்தம் எப்படிவே பொருந்தும்?"

பாருங்கள் அந்த மூளையை. கோயிலில் குனியும்போது தம்பி ரத்தமும் தன் ரத்தமும் ஒன்று. கோர்ட்டில் குத்தும்போது வேறு வேறு. ஏழு தலைமுறையாக ரத்தத்தைப் பற்றியே பேசிய வீட்டில் ரத்தம் என்றால் என்னவென்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அந்தப் பரோட்டாக்காரனை அனுப்பியிருந்தால் அருணாசலம் தப்பியிருப்பான். பெருமை விடவில்லை.

குமரகுருபரனிடம் விஷயம் சொல்லப்பட்டது. கேட்கப்படவில்லை, சொல்லப்பட்டது.

"ஏலே, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்குப் பதிலா ரத்தம் குடுத்துட்டு வா."

"எந்தக் கையிலண்ணே?" என்று கேட்டான் குமரகுருபரன். அவ்வளவுதான் அவனுடைய எதிர்ப்பு.

தாயும் பிள்ளையும் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டார்கள். அருணாசலத்துக்குக் காய்ச்சல் என்று ஐயம்பெருமாள் மூன்று நாள் தள்ளி வாங்கியிருந்தான், சாலோமி கண்ணில் படாமல் இருக்க. அவளுக்காக வந்து நின்றவர் வக்கீல் இஸ்ரவேல். வயது எழுபதுக்கு மேல், கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி. எதிராளியை அவர் கூண்டில் ஒருமுறை பார்த்ததுதான், அதுவும் பக்கவாட்டில். குமரகுருபரன் உள்ளே நுழைந்தான். இஸ்ரவேல் மூக்கைப் பார்த்தார். "இவர்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்தார்கள், அதில் மூக்குக்குப் பின்னால் கொஞ்சம் முகமும் விழுந்திருந்தது. ஃபாரத்தில் அண்ணன் கையெழுத்தை குமரகுருபரன் போட்டான். நாலாம் வகுப்பிலிருந்து பழக்கம், அண்ணனைவிட அழகாகவே போடுவான். ஊசி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் பாலம்மாள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு என்ன என்றாள்.

"உர மூட்டைக் கொக்கி குத்திட்டு."

"கொக்கி குத்துனா டிப்போவுல பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டிவிடுதாவளோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் கேட்டுவிட்டு உள்ளே போனால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம்.

மூன்று மாதம் அருணாசலம் ராஜா மாதிரி திரிந்தான். சாலோமி எதிரில் வந்தால் இப்போது ரோட்டைக் கடக்கவில்லை, மூக்கை நீட்டிக்கொண்டு நேராக வந்தான்.

சித்திரையில் அறிக்கை வந்தது. அதை விளக்கிச் சொல்ல ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பேர் பிருந்தா. பிறந்து வளர்ந்தது நாங்குநேரி என்று தெரிந்ததும் ஜட்ஜுக்கு முகம் மலர்ந்தது.

"எல்லாருக்கும் விளங்குத மாதிரி சொல்லுங்கம்மா."

"சொல்லுதேன் ஐயா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு நீள எழுத்து இருக்கு. மொத்தம் நாலே எழுத்துதான், அதையே மாத்தி மாத்தி எழுதியிருக்கு. அதுல சில இடத்துல ஒரு சின்ன வார்த்தை திரும்பத் திரும்ப வரும். பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் 'வள்ளியூர் வள்ளியூர் வள்ளியூர்'னு கூப்பிடுதாருல்லா, அது மாதிரி. ஒரு கண்டக்டர் ஏழு தடவ கூப்பிடுவாரு, இன்னொருத்தர் பதினொண்ணு. வார்த்தை ஒண்ணுதான், எண்ணிக்கைதான் ஆளுக்கு ஆள் வேற."

"ஏன் வேற?"

"நகல் எடுக்கும்போது சறுக்கும் ஐயா. ஒரே வார்த்தைய வரிசையா எழுதுனா எண்ணிக்கை தப்பத்தான செய்யும்? எப்பவாவது ஒண்ணு கூடிரும், இல்ல ஒண்ணு குறைஞ்சிரும். சறுக்கினது சறுக்கினபடியே பிள்ளைக்குப் போயிரும். எத்தனையோ ஆயிரம் தலைமுறையா அப்படிச் சறுக்கிச் சறுக்கித்தான் அந்த இடங்கள்ல மனுசனுக்கு மனுசன் இவ்வளவு வித்தியாசம். சில இடத்துல எண்ணிக்கை ரொம்பப் பெருத்துட்டா சீக்கு வரும். நாங்க பாக்குத இடத்துல அப்படி ஒண்ணும் இல்ல, ஆள அடையாளம் காட்டும், அவ்வளவுதான்."

அருணாசலத்தின் வக்கீல் எழுந்தார். "அப்ப குடும்ப மூக்கு?"

"மூக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. நாங்க மூக்கப் பாக்கதில்ல."

அருணாசலத்துக்கு அறைந்த மாதிரி இருந்தது. பாருங்கள், மாறாத ரத்தம் என்று பீற்றிக்கொண்ட ரத்தம், தலைமுறைக்குத் தலைமுறை சறுக்கி விழுந்து வந்த திக்குவாய் ரத்தம் என்று ஒரு நாங்குநேரிப் பொம்பளை கோர்ட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஒவ்வொரு இடத்துலயும் நமக்கு ரெண்டு எண்ணிக்கை இருக்கும்" என்றார் பிருந்தா. "ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. பத்து இடத்துல பாத்தோம். பிள்ளைக்கிட்ட அம்மாவோடத ஒதுக்கிட்டா மிச்சம் அப்பாவோடது. அது இந்த அருணாசலம்னு பேரு போட்ட ரத்தத்துல பத்து இடத்துலயும் இருக்கணும். இல்ல. ஆறு இடத்துல இருக்கு, நாலு இடத்துல இல்ல. அபூர்வமா ஒரு இடத்துல சறுக்கும், நாலுல சறுக்காது. அதனால இந்த ரத்தம் குடுத்தவர் இந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல."

அருணாசலம் மீசையைத் தடவினான். சாலோமியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வக்கீல் இஸ்ரவேல் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ஐந்து வருஷமாக அவள் சொன்ன ஒரே உண்மை அந்த மேசையில் செத்துக் கிடந்தது.

"இன்னும் முடிக்கல ஐயா" என்றார் பிருந்தா. "சம்பந்தமே இல்லாத ஆளுன்னா ரெண்டு மூணு இடத்துல தற்செயலா ஒத்துப் போவும். ஆறு ஒத்துப் போறது லேசுல நடக்காது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்த அண்ணன் தம்பி, ஆளுக்குப் பாதி பாதியா பங்கு போட்டு வாங்கியிருப்பாங்க. சிலது ஒண்ணா இருக்கும், சிலது மாறும். என் கருத்து, பிள்ளைக்கு அப்பா இந்த ரத்தம் குடுத்தவரோட கூடப்பிறந்தவரா இருக்கலாம். சோதிச்சுப் பாக்கணும்."

ஜட்ஜ் அருணாசலத்தைப் பார்த்தார். "உமக்குக் கூடப்பிறந்தவர் எத்தனை பேர்?"

"ஒருத்தன்தான் ஐயா."

"எங்க அவர்?"

அருணாசலத்தின் விரல் மெதுவாக நீண்டு கடைசி பெஞ்சைக் காட்டியது. மொத்தக் கோர்ட்டும் திரும்பியது. அங்கே குமரகுருபரன் உட்கார்ந்திருந்தான், மடியில் அண்ணனுடைய குடையும் டிபன் தூக்கும்.

அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. குப்பியில் அண்ணன் பேர். குப்பிக்குள் தன் ரத்தம். குப்பிக்குச் சொந்தக்காரனுடைய சகோதரன்தான் தகப்பன் என்றால், ஊர் கணக்குப்படி தகப்பன் குமரகுருபரன். அண்ணனுக்குப் பதிலாக ஊசி வாங்கியாகிவிட்டது, அடி வாங்கியாகிவிட்டது, கடைசியில் பிள்ளையும் வாங்கியாகிவிட்டது.

அருணாசலம் அவனைக் கூப்பிடுகிற சாக்கில் கடைசி பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, "ஏலே, பேசாம இரி. இதையும் நீயே பாத்துக்கோ. உன் தலையில விழுந்தா ஊரு ரெண்டு நாள் சிரிக்கும். எனக்குன்னா பரிவட்டம் போயிரும்லே" என்றான் பைய.

குமரகுருபரன் தலையாட்டியே இருப்பான். நாற்பது வருஷமாக ஆடிய தலை, அதுவாகவே பாதி தூரம் ஆடவும் செய்தது. அதற்குள் சாலோமி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, இந்த மனுசனா? இவரு எங்க வாசல்ல நின்னு 'அண்ணன் குடுக்கச் சொன்னாவ'ன்னு சீட்டு நீட்டுவாரு. நான் தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட அண்ணன்கிட்டக் கேட்டுட்டு வாரேம்பாரு. சீட்டுக் கொண்டு வந்தவுகளுக்கெல்லாம் பிள்ள பொறந்தா, போஸ்ட்மேன் வீட்டுல இருக்க எடம் இருக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. கடைசிக்கு முந்தின பெஞ்சில் பாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பஞ்சையும் பிளாஸ்திரியையும் மறக்காதவள். கோர்ட் என்று கேள்விப்பட்டதும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

குமரகுருபரனுக்கு அன்று வீரம் வந்தது என்று பிற்பாடு ஊரில் சிலர் சொன்னார்கள். வீரமாவது, வெங்காயமாவது. முன்னால் அண்ணன், பக்கத்தில் பாலம்மாள். எந்தப் பயம் பெரிது என்று மனுசன் நிறுத்துப் பார்த்தான். தட்டு பாலம்மாள் பக்கம் இறங்கியது.

எழுந்தான். மடியிலிருந்த தூக்கு விழுந்து கோர்ட் முழுக்கப் புளியோதரை சிதறியது.

"ஐயா, அந்த ரத்தம் என்னது."

"என்னது?" என்றார் ஜட்ஜ்.

"குப்பியில பேருதான் அண்ணனோடது. குத்துனது எனக்கு. இந்தா இந்தக் கையில." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். மூன்று மாதம் ஆனதில் அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் காட்டினான்.

"கோட்டி பிடிச்சிட்டு ஐயா இவனுக்கு" என்றான் அருணாசலம்.

"எனக்குக் கோட்டி இல்லண்ணே. நான் குடுத்த ரத்தம் அப்பா இல்லன்னு இந்தம்மா சொல்லிட்டாவ. என் கூடப்பிறந்தவன்தான் அப்பாவா இருக்கும்னும் சொல்லுதாவ. எனக்குக் கூடப்பிறந்தது நீங்க ஒருத்தருதான்."

வாழ்நாளில் அவன் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் அதிகம். பேசி முடித்ததும் களைத்துப்போய்ப் புளியோதரை மேலேயே உட்கார்ந்தான். ஐயம்பெருமாளைத் தேடினார்கள். அவன் அந்த நேரத்துக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் பாதி வழி போயிருந்தான்.

இரண்டாம் முறை ஊசி குத்தும்போது ஜட்ஜே ஆள் வைத்துப் பார்த்தார். சாலோமி முன்னால் நின்றாள், "இவருதான்" என்று அவளே அடையாளம் சொன்னாள். குமரகுருபரன் கையை நீட்டினான், பழகின கை. அருணாசலத்தை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வாடகைக் கார்கள் தாமாகவே கிளம்பிவிட்டன என்பார்கள். பாதிதான் நம்பலாம், கார் தானாகக் கிளம்பாது, டிரைவர்கள் எடுத்திருப்பார்கள்.

பத்துக்குப் பத்து. ரீபாவிடம் அம்மாவுடையதை ஒதுக்கிவிட்டு மிச்சமிருந்த பத்து எண்ணிக்கையும் அருணாசலத்தின் ரத்தத்தில் இருந்தன. மூக்கு எட்டிப் பார்க்காத இடத்தில் எல்லாம் இருந்தது.

தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூட ஃபாரத்தில் இருந்த கட்டத்தை சாலோமி தானே டைப் அடித்து நிரப்பினாள். அடித்துவிட்டு, "இந்தப் பேருக்கா இவ்வளவு பாடு" என்றாளாம். கோர்ட்டை ஏமாற்றிய குற்றத்துக்குத் தனி வழக்கு நடந்தது. உண்மையைச் சொன்ன குமரகுருபரனுக்குக் கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்கும் தண்டனை. அருணாசலத்துக்கு மூன்று மாதம். தீர்ப்பைப் படித்து முடித்ததும் போலீஸ்காரர் "அருணாசலம்" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட உடனே குமரகுருபரன் எழுந்து நின்றான். பாலம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அண்ணன் உள்ளே இருக்கும்போதே பங்குனி உத்திரம் வந்தது, தொண்ணூற்றொன்பதில்.

காலையில் குமரகுருபரனும் பாலம்மாளும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். குருக்கள் பட்டுத் துணியைத் தட்டில் ஏந்தி வந்து, "அருணாசலம்" என்று கூப்பிட்டார். குமரகுருபரனுடைய வலது கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது. அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஒரு நெல் மூட்டையை நகர்த்துகிற பாடு பட்டான்.

"என்ன ஓய், வாரும்" என்றார் குருக்கள். "வழக்கமா நீர்தானே."

"அது அண்ணன் பேருக்குல்லா சாமி."

"தலைவர் வர முடியலேன்னா அதே ரத்தத்தில் ஒருத்தர் குனியலாம். தெரியாதா உமக்கு?"

குமரகுருபரன் தலையைச் சொறிந்தான். பிறகு அவன் வாயிலிருந்து அவனுக்கே தெரியாமல் அது வந்துவிட்டது. "நான் பத்துக்கு ஆறுதான் சாமி, கோர்ட்டுலயே சொல்லிட்டாவ. அண்ணன் ரத்தம் ஒண்ணு அப்படியே வேணும்னா பாளையங்கோட்டையில ஒண்ணாம் கிளாஸ் படிக்குது. கூட்டிட்டு வரட்டா?"

 பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள், அதன்பின் நந்தியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். குருக்கள் பட்டுத் துணியை மடித்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் மூக்கு வீட்டை அவர் கூப்பிடவே இல்லை.

குமரகுருபரன் அர்ச்சனைத் தட்டை நீட்டினான்.

"பேரு?"

"குமரகுருபரன்" என்றான். சொன்னபோது யாரோ புது ஆள் பேர் மாதிரி இருந்தது.

"நட்சத்திரம்?"

மகம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது அண்ணனுடையது. தன்னுடையது என்ன? நாற்பது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. விழித்துக்கொண்டு பொண்டாட்டியைப் பார்த்தான்.

"கேட்டை" என்றாள் பாலம்மாள், குருக்களைப் பார்த்து. அப்புறம் இவன் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு ஆகாத நட்சத்திரம்னு உங்க அம்மை ஒளிச்சு வச்சிருந்தாவ. ஜாதகம் என் டிரங்குப் பெட்டிக்கு அடியிலதான் கெடக்கு. சத்தமா சொல்லும்" என்றாள்.

குமரகுருபரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேட்டை" என்றான்.